எண்ணெய் சீரத்தில் விற்றமின் சி நிற்க வேண்டுமானால்: மலையகக் குளிருக்கும் ஈரத்துக்கும் ஏற்ற செய்முறை

விற்றமின் சி தூளை எண்ணெயில் போட்டு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. சூடாக்கினாலும் கரையாது. முகப்பூச்சுகளில் சேர்க்கும் நயாசினமைட் (விற்றமின் பி3இன் ஒரு வடிவம்), அலன்டோயின் (தோலை மென்மையாக்கும் பொருள்), கஃபீன், கிரீன் டீ சாற்றுத் தூள் எல்லாம் இதே வகைதான். தண்ணீர் கிடைத்தால்தான் கரையும். ஆனாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத முகச் சீரத்தில் இவற்றைச் சேர்க்க முடியும். கரைப்பதை மறந்துவிட்டு, தூளைத் தூளாகவே எண்ணெயில் அடியில் தங்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். எவ்வளவு நுண்ணியதாக அரைப்பது, எண்ணெயை எவ்வளவு கெட்டியாக்குவது, முகத்தில் எந்த நேரத்தில் தடவுவது என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை அங்கிருந்துதான் வருகிறது.

இவ்வளவு பாடு எதற்கு? விற்றமின் சி தண்ணீரில் கரைந்த நாளிலிருந்தே ஒட்சியேறத் தொடங்கும், அதாவது ஒட்சிசனோடு சேர்ந்து கெடும். சில வாரங்களில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். தண்ணீர் உள்ள எந்தச் சீரத்துக்கும் பாதுகாப்பான் சேர்க்க வேண்டும், பிஎச் (அமிலத்தன்மை) அளவும் பார்க்க வேண்டும். எண்ணெயில் உலர்ந்த தூளாக நிற்கும்போது இந்த இரண்டு தலையிடியும் இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் பக்டீரியாவும் பூஞ்சையும் வளராது. ஆனால் அந்த "தண்ணீர் இல்லாத" என்ற நிபந்தனையைக் காப்பாற்றுவதுதான் இலங்கையின் ஈரமான மலைநாட்டில் பெரிய வேலை.

எதைச் சேர்க்கலாம், எதை விட்டுவிடலாம்

விற்றமின் சி, அதாவது அஸ்கோர்பிக் அமிலம், 5 முதல் 10 சதவீதம். இதற்கு மேல் வீட்டில் போக வேண்டாம். நயாசினமைட் 4 முதல் 5 சதவீதம். இது அமிலமல்ல, எரிச்சல் குறைவு, அரைக்கவும் சுலபம். முதன்முதலில் செய்பவர் இதில் தொடங்குவதே நல்லது. கிரீன் டீ சாற்றுத் தூள் 1 சதவீதம் போதும். அலன்டோயின் 0.5 சதவீதம் வரை, ஆனால் அதன் பளிங்குத் துகள்களை எவ்வளவு அரைத்தாலும் கொஞ்சம் நறநறப்பு இருக்கும்.

ஹைலுரோனிக் அமிலத் தூளை எண்ணெயில் போடுவது வீண் செலவு. அதன் வேலையே தண்ணீரைப் பிடித்து வைப்பது; எண்ணெயில் அது சும்மா கிடக்கும், ஈரத் தோலில் பட்டதும் குட்டிக் குட்டிக் கட்டியாக ஊதும். பாந்தெனோல் தேன்போல் ஒட்டும் பாகு, எண்ணெயின் அடியில் உருண்டையாகப் போய் உட்கார்ந்துவிடும். கிளைக்கோலிக் அமிலத்தை இந்த முறையில் சேர்க்கவே கூடாது. தோலின் ஈரத்தில் ஒவ்வொரு துகளும் கரையும் இடத்தில் அமிலம் செறிவாக இருக்கும். பிஎச்சைக் கட்டுப்படுத்த வழியே இல்லை.

கிளிசரின் எண்ணெயோடு சேராது. அதன் அடர்த்தி 1.26, எண்ணெயினுடையது 0.92 அளவு. குலுக்கினால் கலந்ததுபோல் தெரியும், மேசையில் வைத்த சற்று நேரத்தில் கீழே இறங்கிவிடும். கிளிசரினை வேண்டுமானால் தனியாகப் பயன்படுத்துங்கள்: நயாசினமைட் 1 கிராம் சுமார் 10 மில்லிலீற்றர் கிளிசரினில் கரையும். மெல்லிய சூட்டில் கலக்கி எடுத்தால், எண்ணெயும் இல்லாத தண்ணீரும் இல்லாத தெளிந்த சீரம் கிடைக்கும். இரண்டு சொட்டை நனைந்த உள்ளங்கையில் விட்டுத் தடவ வேண்டும். அப்படியே பூசினால் பிசுபிசுப்பு தாங்காது. விற்றமின் சிக்கு இந்த வழி சரிவராது. 1 கிராம் கரைய 100 மில்லிலீற்றர் கிளிசரின் வேண்டும்.

பாமசியில் வாங்கும் தோடம்பழச் சுவை விற்றமின் சி மாத்திரையை நசுக்கிப் போடுபவர்கள் உண்டு. அதில் சீனி, நிறம், வாசனை எல்லாம் இருக்கும். நுரைத்துக் கரையும் மாத்திரை என்றால் சோடியம் பைகாபனேற்றும் இருக்கும். கொஞ்சம் ஈரம் பட்டால் வாயு கிளம்பி மூடியைத் தள்ளும். அழகுசாதனத் தரத்தில், "அல்ட்ராஃபைன்" என்று குறித்த அஸ்கோர்பிக் அமிலத் தூளையே வாங்குங்கள். சாதாரணத் தூள் சீனிப் பரல்போல் இருக்கும், அதை அரைத்து முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும்.

காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, அரைக்கும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: எண்ணெயில் கரையும் விற்றமின் சி வழிப்பொருளான அஸ்கோர்பில் டெட்ராஐசோபாமிட்டேட். அது திரவம், 3 முதல் 5 சதவீதம் எண்ணெயில் ஊற்றிக் கலக்கினால் வேலை முடிந்தது. கீழே சொல்லும் அரைப்பதும் கெட்டிப்படுத்துவதும் அதற்குத் தேவையில்லை.

கற்றாழை, வல்லாரை, தேசிக்காய், தேயிலை

வீட்டுத் தோட்டத்தில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் தூள் வாங்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் பச்சைச் சாறு எதுவும் பெரும்பங்கு தண்ணீரே. எண்ணெயில் ஊற்றினால் அடியில் தனியாக நிற்கும், சில நாளில் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். மேலே எண்ணெய் மூடியிருப்பதால் கெட்டது கண்ணுக்குத் தெரிவதும் தாமதம்.

தைலம் காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மாற்று தெரியும்: சாற்றை எண்ணெயோடு சேர்த்துச் சிறுதீயில் வைத்து, தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை காய்ச்சுவது. சடசடப்பு அடங்கி, அடியில் நிற்கும் கல்கம் (மூலிகைச் சக்கை) விரலில் உருட்டினால் திரியாக உருளும் மெழுகு பதத்தில் இறக்குவார்கள். ஒரு திரியை எண்ணெயில் நனைத்துப் பற்றவைத்தால் சத்தமின்றி எரிய வேண்டும். வெடித்தால் தண்ணீர் மிச்சமிருக்கிறது. எண்ணெய் கெடாமலிருக்க இது அருமையான முறை. ஆனால் இங்கே கணக்கு ஒன்று இருக்கிறது. தைலத்துக்குள் போவது தாவரத்தில் எண்ணெயில் கரையும் பங்கு மட்டுமே. மஞ்சளின் நிறம் வரும், வல்லாரையின் பச்சையம் வரும். தேசிக்காயின் விற்றமின் சி அந்தச் சூட்டிலேயே அழிந்துவிடும். தேயிலையின் பயனுள்ள பொருள்களான கற்றக்கின்கள் தண்ணீரில்தான் கரையும், தண்ணீர் சுண்டியதும் கல்கத்தோடு நிற்கும், எண்ணெய்க்கு மாறா. கொழுந்தை எண்ணெயில் காய்ச்சி "கிரீன் டீ சீரம்" என்று விற்பதில் கிரீன் டீ என்று சொல்ல மிச்சமிருப்பது நிறமும் கொஞ்சம் வாசனையும்தான்.

தேயிலையை மாவாக இடித்துப் போடுவதும் சரியல்ல. இலைத் தூளில் நார் இருக்கும், நுண்ணுயிர் வித்துக்கள் இருக்கும். சாறு எடுத்து உலர்த்திய தூள்தான் வேண்டும். அதுவும் தலையணை உறையில் பழுப்புக் கறை விடும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கறுவா எண்ணெய், கராம்பு எண்ணெய் இரண்டையும் வாசனைக்கென்றுகூட முகச் சீரத்தில் சேர்க்காதீர்கள். இரண்டும் தோலை எளிதில் புண்ணாக்கும்.

குளிருக்கு ஏற்ற எண்ணெய்

சாதாரணத் தேங்காய் எண்ணெய் 24, 25 பாகை செல்சியஸில் உறையும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான்; அங்கே அது போத்தலில் வெள்ளைக் கட்டியாகவே இருக்கும். உறையும்போது தூளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிடும், உருக்கினால் தூள் அடியில் தங்கும். ஆகவே அதை விட்டுவிடுங்கள். பிரித்தெடுத்த தேங்காய் எண்ணெய், அதாவது எம்சிடி எண்ணெய், துகள் பனி கொட்டும் தை மாத இரவிலும் ஓடும். வாசனை சேர்க்காதது என்றால் உணவுக்கு விற்பதையே எடுக்கலாம். அது கிடைக்காவிட்டால் வறுக்காத எள்ளில் பிழிந்த நல்லெண்ணெய்; மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், எள் ஒவ்வாதவர்களுக்கு ஆகாது.

கெட்டித்தன்மைக்கு ஆமணக்கெண்ணெய். நல்லெண்ணெயைவிட இது பத்து மடங்குக்கு மேல் பாகுத்தன்மை உள்ளது. ஸ்குவாலேன், பரபின் எண்ணெய் இரண்டோடும் இது ஒழுங்காகக் கலக்காது, கலங்கி இரண்டாகப் பிரியும். எம்சிடியோடும் நல்லெண்ணெயோடும் நன்றாகச் சேரும்.

ஏன் இவ்வளவு அரைக்க வேண்டும்

அஸ்கோர்பிக் அமிலத்தின் அடர்த்தி 1.65. எண்ணெயில் அது கீழே இறங்கத்தான் செய்யும். எவ்வளவு மெதுவாக இறங்க வைக்கிறோம் என்பதே நம் கையில் உள்ளது. துகளின் குறுக்களவைப் பாதியாக்கினால் இறங்கும் வேகம் காற்பங்காகும். எண்ணெயின் பாகுத்தன்மையை இரட்டிப்பாக்கினால் வேகம் பாதியாகும். அதனால் கெட்டிப்படுத்துவதைவிட அரைப்பதில் போடும் உழைப்புக்குப் பலன் அதிகம். சொக்லேட் செய்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள்: சீனியும் கொக்கோ வெண்ணெயில் கரையாது, நாக்குக்குத் தெரியாத அளவுக்கு அரைத்து, கொஞ்சம் லெசித்தின் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். இங்கேயும் லெசித்தின் அதே வேலையைச் செய்யும். ஒவ்வொரு துகளையும் எண்ணெயால் நனைத்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்கும்.

30 கிராம் விற்றமின் சி சீரத்துக்கு அளவு

எல்லாமே எடை. கரண்டிக் கணக்கு இங்கே உதவாது.

அஸ்கோர்பிக் அமிலம், அல்ட்ராஃபைன்: 3.0 கிராம்
எம்சிடி எண்ணெய்: 18.3 கிராம்
ஆமணக்கெண்ணெய்: 7.5 கிராம்
தேன்மெழுகு: 0.75 கிராம்
திரவ சோயா லெசித்தின்: 0.3 கிராம்
விற்றமின் ஈ, டொக்கோபெரோல்: 0.15 கிராம்

0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். 0.1 கிராம் தராசுதான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கி 60 கிராம் செய்யுங்கள். அப்போது விற்றமின் ஈ 0.3 கிராம்.

முதல் தடவை போடுபவர் அமிலத்தை 1.5 கிராமாகக் குறைத்து, எம்சிடியை 19.8 ஆக்கலாம். நயாசினமைட்டுக்கும் இதே மாற்றம்: அமிலத்துக்குப் பதில் நயாசினமைட் 1.5, எம்சிடி 19.8, மற்றவை அப்படியே.

விற்றமின் ஈ வாங்கும்போது லேபலைப் பாருங்கள். பாமசியில் கிடைக்கும் காப்சியூல்களில் பெரும்பாலும் டொக்கோபெரில் அசிட்டேட்தான் இருக்கும். அது தோலுக்கு நல்லது, ஆனால் போத்தலில் எண்ணெய் காறிப்போவதைத் தடுக்காது. தடுப்பது அசிட்டேட் ஒட்டாத டொக்கோபெரோல்.

மெழுகின் அளவு ஊரின் குளிருக்கு ஏற்ப மாறும். நுவரெலியா, கந்தப்பளை பக்கம் 0.6 கிராம் போதும், கூடினால் போத்தலைவிட்டு வெளியே வராது. ஹட்டன், பண்டாரவளைக்கு 0.75. கண்டி, மாத்தளைக்கு 0.9. மெழுகில் எவ்வளவு கூட்டினீர்களோ அவ்வளவை எம்சிடியில் குறையுங்கள்.

செய்முறை

நாளைத் தெரிந்தெடுப்பதிலிருந்தே வேலை தொடங்குகிறது. மழை இருளடித்து, துவைத்த துணி மூன்று நாளாகக் காயாமல் தொங்கும் வாரத்தில் இதைச் செய்யாதீர்கள். தூள் தராசுத் தட்டில் இருக்கும்போதே ஈரம் இழுக்கும். தேயிலைக்கு நல்ல மணம் வரும், மழையில்லாத காய்ச்சல் காலம் இதற்கும் உகந்தது: ஹட்டன், தலவாக்கலை பக்கம் தை முதல் பங்குனி வரை, பதுளை, பண்டாரவளை பக்கம் ஆடி, ஆவணி. மற்ற மாதங்களில் வெயில் ஏறிய பிறகு, அடுப்பில் எதுவும் கொதிக்காத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

கல்வம் (மருந்து அரைக்கும் கிண்ணம்), குழவி, கண்ணாடிக் குவளை, கரண்டி, போத்தல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து முந்திய நாளே காய வையுங்கள். மறுநாள் ஸ்பிரிட்டால் துடைப்பதானால், 70 சதவீத ஸ்பிரிட்டில் மிச்சம் தண்ணீர்தான் என்பதை நினைவில் வைத்து, மறுபடி முற்றாகக் காயும்வரை பொறுங்கள். கல்வம் பீங்கானாக அல்லது கண்ணாடியாக இருக்கட்டும். பித்தளை உரலும் இரும்பும் ஆகாது. செம்பும் இரும்பும் விற்றமின் சி ஒட்சியேறுவதை வேகப்படுத்தும். அம்மியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, எத்தனை தடவை கழுவினாலும் கல்லின் துளைகளில் மிளகாய் இருக்கும்.

கல்வத்தை வெயிலிலோ அடுப்பின் அருகிலோ வைத்து இளஞ்சூடாக்குங்கள். அமிலத் தூள் 3 கிராம், ஆமணக்கெண்ணெயில் 3 கிராம், லெசித்தின் முழுவதும் போட்டு வட்டமாக அழுத்தி அரையுங்கள். பக்கங்களை அடிக்கடி வழித்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கெட்டியான விழுதில்தான் துகள் நசுங்கும். எண்ணெய் கூடினால் குழவிக்கடியிலிருந்து நழுவிவிடும். 15 நிமிடம் அரைத்தபின் ஒரு துளியை மணிக்கட்டின் உட்புறத்தில் விரலால் தேயுங்கள். மணல்போல் தட்டினால் இன்னும் 10 நிமிடம். மணிக்கட்டின் உட்புறத் தோல் மெல்லியது, அங்கேயே பார்க்க வேண்டும். நயாசினமைட் இதில் பாதி நேரத்தில் பதமாகும்.

மிச்ச ஆமணக்கெண்ணெய், எம்சிடி, மெழுகு மூன்றையும் குவளையில் போட்டு 70 பாகை வரை சூடாக்கி மெழுகை உருக்குங்கள். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் குவளையை வைத்து உருக்குவதுதான் வழக்கம், அதில்தான் தண்ணீர் உள்ளே வரும். ஆவி குவளையின் வாயில் படிந்து சொட்டாக விழும். குவளையை அலுமினியத் தாளால் இறுக்கி மூடுங்கள். வெளியே எடுத்ததும் வெளிப்புறத்தையும் விளிம்பையும் துடைத்த பிறகே தாளைத் திறவுங்கள்.

40 பாகைக்கு ஆறட்டும். விற்றமின் ஈயைச் சேர்த்து, அந்த எண்ணெயைக் கல்வத்திலுள்ள விழுதில் சிறிது சிறிதாக விட்டு அரையுங்கள்: முதலில் ஒரு கரண்டி, அது முழுக்கச் சேர்ந்ததும் இரண்டு, பிறகு நான்கு. ஒரேயடியாக ஊற்றினால் விழுது கட்டிகளாக உடைந்து மிதக்கும், பிறகு சேர்க்கவே முடியாது. எல்லாம் சேர்ந்தபின்னும் முழுக்க ஆறும்வரை கிளறிக்கொண்டே இருங்கள். குளிர் அறையில் மெழுகு பாத்திரத்தின் ஓரத்தில்தான் முதலில் உறையும். கிளறலை நிறுத்தினால் அது செதில் செதிலாகி சீரத்தில் பரல்போல் நிற்கும். போத்தலையும் இளஞ்சூடாக்கி வைத்திருந்து ஊற்றினால் இந்தத் தொல்லை குறையும்.

அமுக்கும் பம்ப் போத்தல் அல்லது மூக்குள்ள பிதுக்கும் போத்தல் நல்லது. துளிக்குழாய் போத்தல் பார்க்க அழகு. ஆனால் கெட்டிச் சீரம் அதில் ஏறாது, குழாய் நுனி ஈர முகத்தில் பட்டு ஒவ்வொரு நாளும் தண்ணீரை உள்ளே கொண்டுபோகும். கறுப்பு அல்லது கபில நிறப் போத்தலாக எடுத்து, விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். மீதியில் கொஞ்சத்தைச் சிறு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஒரு நாள் வையுங்கள். மேலே தெளிந்த எண்ணெய் ஒரு கோடாகத் தெரிந்தால் பரவாயில்லை, குலுக்கிக்கொள்ளலாம். கால்வாசி தெளிந்துவிட்டால் அரைத்தது போதவில்லை அல்லது மெழுகு போதவில்லை.

ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. குளிர்ந்த போத்தலை ஈரக் காற்றில் திறக்கும்போது உள்ளே பனிக்கும். அந்த நீர்த்துளிதான் எல்லாவற்றையும் கெடுக்கும். மலையில் அறையே போதுமான குளிர். ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு இருட்டில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

பூசும் விதம்

உலர்ந்த முகத்தில் தடவினால் தூள் அப்படியே மேலே கிடக்கும், ஒரு பிரயோசனமும் இல்லை. முகத்தைக் கழுவி, சொட்டாத அளவுக்குத் துவாலையால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். அந்த ஈரத்தில்தான் துகள் கரைகிறது. போத்தலைக் குலுக்கி, காய்ந்த கையில் மூன்று நான்கு சொட்டு எடுத்து, ஈர முகத்தில் அழுத்தித் தடவுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நறநறப்பு போய்விட்டால் அரைத்தது சரி. இலேசான குறுகுறுப்பு இயல்பு. எரிந்து சிவந்தால் உடனே கழுவிவிட்டு, அடுத்த முறை 5 சதவீதமாகக் குறையுங்கள். எரிச்சலைத் தணிக்கிறேன் என்று அப்பச்சோடா சேர்க்காதீர்கள். அது அமிலத்தோடு வினைபுரிந்து விற்றமின் சியைக் கெடுக்கும்.

முகத்தில் போடும் முன் முழங்கை மடிப்பில் இரண்டு இரவு பூசிப் பாருங்கள். காயம், கரப்பான் உள்ள இடத்திலும் கண்ணைச் சுற்றியும் வேண்டாம்.

இரவில் பூசுவதே நல்லது. மங்கு மறைய என்றுதான் பலர் இதைச் செய்கிறார்கள், ஆனால் வெயிலைத் தடுக்காமல் மங்கு குறையாது. 1000 மீற்றர் ஏறினால் புறஊதாக் கதிர் 10 சதவீதத்துக்கு மேல் கூடும். குளிர்காற்று வீசுவதால் சுடுவது தெரியாது. மலையில் நாள் முழுக்க கொழுந்து பறிப்பவருக்கு இந்தச் சீரத்தைவிடத் தொப்பியும் சன்ஸ்கிரீனும்தான் முதலில் வேண்டும்.

கெட்டால் ஏன் கெட்டது

மஞ்சளாகியிருந்தால்: விற்றமின் சி ஒட்சியேறியது. ஈரம், வெளிச்சம், உலோகம், இந்த மூன்றில் ஒன்று. மெல்லிய மஞ்சள் என்றால் தேன்மெழுகின் நிறமாகவும் இருக்கலாம், அதனால் செய்த அன்றே ஒரு துளியை வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் படம் எடுத்து வைத்தால் ஒப்பிடலாம். செம்மஞ்சளோ பழுப்போ என்றால் ஊற்றிவிடுங்கள், நகத்தையும் கறையாக்கும்.

அடியில் குலுக்கினாலும் எழும்பாத கட்டி: லெசித்தின் விடுபட்டது, அல்லது ஈரம் பட்டுத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பளிங்காகிவிட்டன. முதற்காரணம் என்றால் திரும்பக் கல்வத்தில் போட்டு லெசித்தின் சேர்த்து அரைக்கலாம். இரண்டாவது என்றால் மீட்க முடியாது. சுரண்டிப் பாருங்கள்: மாவாக உதிர்ந்தால் முதலாவது, சீனிக்கட்டிபோல் கீறினால் இரண்டாவது.

நாளுக்கு நாள் நறநறப்பு கூடுகிறது: இதுவும் ஈரம்தான். அறையின் சூடு ஏறி இறங்க, உள்ளே வந்த கொஞ்சத் தண்ணீரில் சிறு துகள் கரைந்து பெரிய துகளின்மேல் படிகிறது.

வெள்ளைப் புள்ளிகள், ஆனால் நறநறப்பில்லை, விரல் சூட்டில் மறைகிறது: மெழுகுப் பரல். போத்தலை வெந்நீரில் வைக்காதீர்கள். உள்ளிருப்பதை உலர்ந்த குவளையில் வழித்து 65 பாகைக்கு ஒருமுறை சூடாக்கி, கிளறிக்கொண்டே ஆற்றுங்கள். நயாசினமைட் என்றால் இந்தச் சூடு ஒன்றும் செய்யாது. விற்றமின் சி என்றால் சூட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

பழைய வர்ணம்போல் மணம் வந்தால் எண்ணெய் காறிவிட்டது. புளித்த மணமோ, மூடியின் உட்புறத்தில் சாம்பல் நிறத் திட்டோ தெரிந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். போத்தலோடு எறிந்துவிடுங்கள், அந்தப் பம்பைக் கழுவி மறுபடி பயன்படுத்த வேண்டாம். அதன் சுருளுக்குள் இருக்கும் தண்ணீர் காயவே காயாது.